வழி இருக்குதுங்களா

சனிக்கிழமை இரவு பதினொன்றரை. அனுப்பர்பாளையம்.
கீழே தையல் தளத்தில் ஆளில்லை,
பனியன் பஞ்சு மட்டும் இன்னும் இறங்காமல் மிதக்கிறது.
மேலே கண்ணாடி அறையின் பதினெட்டு டிகிரியில்
மகனின் ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு நான்.

சேமிப்புப் பெட்டி ஒன்று.
அதற்கு மூளை இரண்டு,
நடுவில் சுவிட்ச் இரண்டு,
சர்வரின் முதுகில் கார்டு இரண்டு.
குறுக்கும் நெடுக்குமாய் நான்கு வழி.

சர்வர் முதலில் குழம்பிற்று.
ஒரே வட்டை நான்காகப் பார்த்து
நான்கு பெயர் வைத்தது,
ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று,
வாக்காளர் பட்டியலில் இன்னொன்று என்று
நமக்கு இருப்பதுபோல.
பிறவி எண்ணைக் காட்டி
நாலும் ஒரே ஆள்தான் என ஒப்புக்கொள்ள வைத்தேன்.

சுமைக்கு முறை வைத்தேன்.
கீழ்பவானியில்
ஒற்றை மதகுக்கு ஒரு போகம், இரட்டை மதகுக்கு ஒரு போகம்;
இங்கே கண் சிமிட்டுவதற்குள்
நூறு தரம் தண்ணீர் திரும்பிவிடும்.
சரிப்படவில்லை. மாற்றி எழுதினேன்:
எங்கே வரிசை குட்டையோ அங்கே நில்.
சனிக்கிழமைச் சம்பளத்துக்கு நிற்பவர்களுக்கு
இதை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

ஐந்து நொடிக்கு ஒருமுறை
ஒவ்வொரு வழியையும் தட்டிக் கேட்கிறது ஒரு சின்ன நிரல்.
வழி இருக்குதுங்களா?
இருக்குதுங்.
சும்மா கிடக்கும் வழியையும் விடாமல் கேட்கிறது.

“புடுங்கிப் பாத்தீங்களா மேடம்?”
பீளமேட்டிலிருந்து சென்னியப்பன், போனில், கொட்டாவியோடு.
ஆரஞ்சு ஒயர் ஒன்றைப் பிடுங்கினேன்.
நாலு மூன்றானது.
ஹாம்பர்க் போகும் சரக்கின் தாள்கள்
நிற்காமல் நகலாகிக்கொண்டிருந்தன.
இன்னொன்றையும் பிடுங்கினேன். அப்போதும் ஓடிற்று.
எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்து
பிளாஸ்க் டீயை முழுசாகக் குடித்தேன்.
ஒயர்களைத் திரும்பக் குத்தினேன்.

ஒன்று பத்துக்கு
மயிலாத்தாள் பஞ்சு உறிஞ்சும் மெஷினை ஓட்டினாள்.
எங்கோ டப்பென்றது.
நாலு வழியும் சிவப்பு.

சாகவில்லை சர்வர்.
வழியே இல்லையென்றாலும்
போச்சு என்று கையை விரிக்காதே, காத்திரு
என்று ஒரு வரி எழுதியிருந்தேன், எதற்கோ.
அது நின்றது.
எழுத வேண்டியதைக் கையில் பிடித்தபடி
பதினோரு நிமிடம் நின்றது.

ரேக்கின் பின்னால் குனிந்தாள் மயிலாத்தாள்,
என் வயதுதான் இருக்கும்.
“ஏனுங் அம்மிணி, ரெண்டு பொட்டியவும்
ஒரே பிளக்குல குத்தி வெச்சிருக்கறீங்க?”

ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.
அதில் இரண்டு சுவிட்ச், அவள் மெஷின்,
யாருடையதோ ஒரு போன் சார்ஜர்.

இரண்டாவதை அடுத்த யூபிஎஸ்ஸுக்கு மாற்றினோம்.
அவள் டார்ச் பிடித்தாள்.
ஒவ்வொன்றாய் நாலும் பச்சை.
விட்ட எழுத்திலிருந்து எழுதத் தொடங்கியது.

மூன்று மணிக்கு
திருச்செங்கோட்டு ஹாஸ்டலின் படிவம் நினைவுக்கு வந்தது.
நித்திலனுக்கு அவசரமென்றால் அழைக்க:
எண் ஒன்று, நான்.
எண் இரண்டு, நான்.
இரண்டு சிம்மும் இந்த ஒரே போனில்,
ஆறு சதவீதத்தில்,
ரேக்கின் மேல் குப்புறக் கிடந்தது.

காங்கேயத்தில் அண்ணன் வீடு.
தோட்டத்துப் பத்திரம் பதிந்த நாளிலிருந்து
இரண்டு வருடம் நங்கையிடம் பேசவில்லை.
எண் மாற்றியிருப்பாளோ?
மாற்றியிருந்தாலும் எனக்கெப்படித் தெரியும்,
கேட்டால்தானே.

ஆறு மணிக்கு அடித்தேன்.
“ஆரு?”
ஆயத்தம் செய்து வைத்த வாக்கியம் வரவில்லை.
“நங்கை, நாந்தான். சும்மா கூப்பிட்டேன்.”
அந்தப் பக்கம் பால் கறக்கும் மெஷின்.
அவள் கட் பண்ணவில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று
எண்ணிக்கொண்டிருந்தேன்.

மெஷினை நிறுத்திவிட்டு மேனகா கேட்டாள்:
“பையன் இப்ப எந்த ஊர்ல படிக்கறான்?”